வேலம்மாள் மராட்டியில் வழி சொன்ன கதை

ஒண்டிக்கடை முக்கில் இப்போது யாரைக் கேட்டாலும் வேலம்மாள் கதையை மராட்டியிலிருந்துதான் ஆரம்பிக்கிறார்கள். நான் அப்படி ஆரம்பிக்க மாட்டேன். அவள் என் பக்கத்தில் சாக்கு விரித்து உட்கார்ந்தவள். ஒரே தார்ப்பாய்க்குக் கீழே இரண்டு பேரும் பழம் விற்றோம். தார்ப்பாயின் ஒரு பக்கக் கயிறு என் கம்பத்தில், மறுபக்கக் கயிறு அவள் கம்பத்தில். காற்றடித்தால் ஆளுக்கொரு கம்பத்தைக் கட்டிப் பிடித்துக்கொள்வோம். அவளை முழுசாகத் தெரிந்தவள் இந்த மலையில் நான் ஒருத்திதான் என்று நினைத்திருந்தேன். அந்த நினைப்பில் மண் விழுந்த கதைதான் இது.

என் பேர் ஆராயி. மலையிலேயே பிறந்து மலையிலேயே கட்டிக்கொடுக்கப்பட்டவள். எழுத்து தெரியாது, ரோடு தெரியும். எங்கள் முக்கில் ஒரு வழக்கம் உண்டு. வழி கேட்டவர் வெறுங்கையோடு போவதில்லை. லேடீஸ் சீட்டுக்கு எப்படிப் போறது, சேர்வராயன் கோயிலுக்கு எந்தப் பக்கம் என்று காரை நிறுத்திக் கேட்பார்கள். நாம் சொல்லுவோம். அவர்கள் கொய்யாவோ ஆரஞ்சோ வாங்கிக்கொண்டு போவார்கள். யார் வழி சொன்னாளோ அவள் கூடையில்தான் வாங்க வேண்டும். பக்கத்துக்காரி கையை நீட்டக் கூடாது. இத்தனை வருசமும் வழி சொன்னது நான்தான். வேலம்மாள் சேலத்துக்காரி, அவளுக்கு என்ன தெரியும்? நான் சொல்லி முடித்த பிறகு, டிரைவர்களிடம் கேட்டு வைத்துக்கொண்டு, பின்னாலிருந்து, "வண்டியில முக்கா மணி நேரம் ஆகுமுங்க" என்று ஒரு ஒட்டுப் போடுவாள். அது எனக்குப் பிடிக்காது.

எதற்கு அந்த ஒட்டு என்றால், நான் தூரத்தை எங்கள் மலைக்கணக்கில் சொல்லுவேன். தலையில் பலாப்பழமோ மிளகு மூட்டையோ வைத்து நடக்கும்போது எத்தனை இடத்தில் சுமையை இறக்கி மூச்சு விடுகிறோமோ, அதுதான் எங்களுக்குத் தூரம். மலையடிவாரத்துக் குப்பனூர் எங்கள் ஊரிலிருந்து இரண்டு இறக்கு. ஒத்தையடிப் பாதையில் செங்குத்தாக இறங்கினால் பொழுது ஏறுவதற்குள் போய்விடலாம். அது பக்கமா, தூரமா? பக்கந்தானே. கார்க்காரர்களுக்கும் அதையே சொல்லுவேன்.

சரி, அவளுக்கு வருகிறேன்.

வேலம்மாள் பிறந்தது சேலம் செவ்வாய்ப்பேட்டையில் ஒரு சந்து. அப்பன் கைவண்டி இழுத்தவன். தாய் இல்லாத பிள்ளை என்று சின்ன வயதிலேயே ஒரு வீட்டில் வேலைக்கு விட்டுவிட்டான். அது பழைய வெள்ளியை வாங்கி உருக்கிக் கொடுக்கிற வீடு. "எங்க ஊட்டுல எப்பவும் கரி வாசமுங்க்கா" என்பாள். எங்க ஊடு என்றுதான் சொல்லுவாள். அவர்கள் என்ன சாதி, என்ன பாஷை என்று நானும் கேட்டதில்லை, அவளும் சொன்னதில்லை. பாவாடை கட்டுகிற வயதில் போனவள் கல்யாணத்துக்குத்தான் அங்கிருந்து வெளியே வந்தாள். கட்டிக்கொண்டது காப்பி லாரியில் கிளீனராக இருந்த ஆள். அந்த லாரியிலேயே, மூட்டைகளுக்கு நடுவில் உட்கார்ந்து, மலைக்கு வந்து சேர்ந்தாள். அவன் செத்துப்போன பிறகு, மகளைத் தர்மபுரிப் பக்கம் கட்டிக்கொடுத்துவிட்டு, என் பக்கத்தில் சாக்கு விரித்தாள். அவள் சோற்றில் நான் கை வைப்பேன், என் சோற்றில் அவள் கை வைப்பாள்.

அவள் மராட்டி வெளியே வந்தது ஒரு மழை நாளில்.

கொஞ்ச வருசமாகவே மகாராஷ்டிரத்து வேன்கள் வருகின்றன. திருப்பதி பார்த்து, இங்கே ஒரு ராத்திரி தங்கி, இறங்கி ராமேசுவரம் போகிற கூட்டம். அதில் சின்னப் பிள்ளைகளுக்கு இங்கிலீஷ் வரும். கிழங்கட்டைகளுக்கு அவர்கள் பாஷையை விட்டால் ஒன்றும் வராது. அன்றைக்கு லேக் ரோட்டில் மரம் விழுந்து கிடந்தது. வேன் ஸ்டாண்டு சரவணன் மழைக் கோட்டோடு ஓடி வந்து, முன்சீட்டில் இருந்த பாட்டியிடம் கையை ஆட்டிக் கத்தினான்.

"மேடம், ரோட் க்ளோஸ்ட்! டேக் லெஃப்ட்! லெஃப்ட்!"

பாட்டி அவனைப் பார்த்துச் சிரித்துவிட்டுக் கையெடுத்துக் கும்பிட்டது. வாழ்த்துகிறான் என்று நினைத்துவிட்டது போல.

வேலம்மாள் ஆரஞ்சு நிறுத்துக்கொண்டிருந்தாள். தலையைக்கூடத் தூக்கவில்லை. "ரஸ்தா பந்த் ஆஹே, ஆயி. டாவீகடே வளா" என்றாள்.

பாட்டி கதவைத் திறந்து மழையிலேயே இறங்கி வந்தது. வேலம்மாள் கன்னம் இரண்டையும் பிடித்துக்கொண்டு என்னென்னவோ பேசியது. வேலம்மாளும் பேசினாள். அவள் குரலே வேறாக இருந்தது. சின்னப் பிள்ளைக் குரல். வேனில் இருந்த அத்தனை பேரும் இறங்கி அவள் கூடையைக் காலி செய்துவிட்டுப் போனார்கள். என் கொய்யா நனைந்துகொண்டு கிடந்தது.

"ஏ வேலா, அதென்ன பாசை?"

"மராட்டிங்க்கா."

"எப்பப் படிச்ச?"

"படிக்கிலீங்க்கா. செவ்வாப்பேட்டை ஊட்டுல அதுதான பேசுவாங்க. ரோடு மூடியிருக்குது, இடப்பக்கம் திரும்புங்கன்னு சொன்னேன்."

"இத்தன நாளா எங்கிட்டச் சொல்லவே இல்ல?"

"நீங்க கேக்கவே இல்லீங்களே."

கேட்கவே இல்லையாம். அவளுக்கு மாதவிலக்கு நின்ற மாதம் எனக்குத் தெரியும். அவள் புருசன் குடித்துவிட்டு எந்தப் பாட்டுப் பாடுவான் என்று தெரியும். ஒரு முழு பாஷையை வயிற்றுக்குள் வைத்துக்கொண்டு என் குழம்பைத் தொட்டுத் தின்றிருக்கிறாள். அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை.

அடுத்த நாளிலிருந்து வேன் ஸ்டாண்டே அவள் முன்னால் வந்து உட்கார்ந்துவிட்டது. டிரைவர்களுக்கு இங்கிலீஷில் நாலு சொல் தெரியும், ரோட்டுக்கு வேண்டிய சொல். அதை மராட்டியில் எப்படிச் சொல்வது என்று கேட்கத்தான் வந்தார்கள். சரவணன் ஒவ்வொன்றாகப் போடுவான், அவள் திருப்பிக் கொடுப்பாள்.

"கோ ஸ்ட்ரெய்ட்."

"சரள் ஜா."

"டிரைவ் ஸ்லோலி."

"ஹளூ சாலவா."

"ஹவ் ஃபார்?"

"கிதி லாம்ப் ஆஹே? பக்கம்னா ஜவளச் ஆஹேன்னு சொல்லணும் சாமி."

"ஒன் வே."

அதற்கு அவள் நின்றுவிட்டாள். அவள் தெரிந்து வைத்திருந்தது அடுப்படி மராட்டி. அந்த வீட்டில் ஒன் வே ஏது? ஆரஞ்சைக் கையில் உருட்டிக்கொண்டே யோசித்தாள். பிறகு, இந்த ரோட்டில் போக மட்டும் செய்யலாம், வரக் கூடாது என்று நீளமாக ஒன்று சொன்னாள். பொன்னுவேல் என்கிற ஜீப் டிரைவர், "அதச் சொல்லி முடிக்கறதுக்குள்ள எதிர்ல பஸ்ஸு வந்துருமே ஆயா" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், கொஞ்சம் கூடுதலாகவே.

"சரி, ஹேர்பின் பெண்ட்?" என்றான் சரவணன்.

வேலம்மாள் கையைப் பின்னுக்குக் கொண்டுபோய்த் தன் நரைச்ச சடையைத் தொட்டாள்.

"வேணிசாரக்கா ரஸ்தான்னு சொல்லு. சடை மாதிரி ரோடு. செவ்வாப்பேட்டை ஊட்டு அம்மாவ ஆயின்னுதான் கூப்புடுவேன், அவங்க எனக்குத் தெனமும் பின்னி உடுவாங்க. இந்தப் பக்கம் ஒன்னு, அந்தப் பக்கம் ஒன்னு, இந்தப் பக்கம் ஒன்னுன்னு சொல்லிட்டே பின்னுவாங்க. மலை ரோடும் அப்படித்தான போகுது?"

டிரைவர்கள் வாயைப் பிளந்துகொண்டு கேட்டார்கள். அது நல்ல சொல்தான், இல்லை என்று நான் சொல்லவில்லை. ஆனால் நல்லது கெட்டதுக்கெல்லாம் அவளுக்குத் தலை வாரிவிட்டவள் நான். முழங்கை ஒடிந்து அவள் கிடந்தபோது வாரம் முழுக்க நான் பின்னிவிட்டேன். அப்போது ஒரு வார்த்தை, ஆயி என்று ஒருத்தி பின்னிவிட்டாள் என்று சொன்னாளா? செத்துப்போனாளோ இருக்கிறாளோ தெரியாத ஒரு மராட்டிக்காரி மேல் எனக்கு வயிறு எரிந்தது. எரிந்தால் எரிந்ததுதான், அதைப் பூசி மெழுக மாட்டேன்.

இந்தச் சமயத்தில்தான் செல்வராஜ் வந்தார். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் லாட்ஜு வைத்திருக்கிறவர். மராட்டி வேன்கள் பாதி அவரிடம்தான் தங்கும்.

"ஏனுங்கம்மா, மழையிலயும் பனியிலயும் எதுக்கு ரோட்டோரம்? நம்ம லாட்ஜு வாசல்ல மேசை போட்டுத் தர்றேன். நல்ல சேரு, சாய்ஞ்சுக்கலாம். வர்றவங்களுக்கு வழி சொன்னாப் போதும்."

வேலம்மாள் என்னைப் பார்த்தாள். நான் கொய்யாவுக்குத் துணி போட்டுத் துடைத்தேன்.

"நாலு நாளு வந்து பாக்கறனுங்க. அப்பறம் சொல்றேன்" என்றாள்.

அவர் போன பிறகு கேட்டாள்: "என்னக்கா, போகட்டுமா?"

"போயேன். நானா புடிச்சு வெச்சிருக்கிறேன்?"

"முழங்காலு ஆகமாட்டேங்குதுங்க்கா."

"எனக்கு மட்டும் இரும்புலயா அடிச்சு வெச்சிருக்குது?"

போனாள். சாக்கைச் சுருட்டிக் கம்பத்தில் கட்டிவிட்டுப் போனாள். அவள் பக்கத்துக் கயிறு இருந்தது, பிடிக்கத்தான் ஆளில்லை. அன்றைக்குச் சாயந்திரம் காற்றில் தார்ப்பாய் அடித்த அடியில் என் காது அடைத்துப்போனது. நாலு நாளுக்குப் பிறகு வருவாளா மாட்டாளா, எனக்கு அது ஒன்றுதான் கேள்வி. எனக்குத் தோன்றியது இதுதான். அவள் மராட்டி பேசுகிறாள் என்றுதானே கூட்டிக்கொண்டு போனார்? அதே மராட்டியை நான் முக்கிலேயே பேசிவிட்டால் லாட்ஜுக்கு எதற்கு ஆள்?

சிரிக்க வேண்டாம். மிளகில் கல் பொறுக்குகிற மாதிரி குனிந்துகொண்டு அத்தனை பாடத்தையும் நானும் கேட்டுத்தான் இருந்தேன். வளைவதற்கு வளா என்கிறார்கள். அதில் என்ன கஷ்டம் இருக்கிறது? ரஸ்தா பந்த். சரள் ஜா. ஜவளச். கூடையில் கொய்யா அடுக்கும்போது ஒரு கொய்யாவுக்கு ஒரு சொல் என்று வைத்துச் சொல்லிப் பார்த்தேன். வந்துவிட்டது.

மூன்றாம் நாள் பெரிய ரோட்டில், சேலம் இறங்குகிற ரோட்டில், மண் சரிந்ததால் ரோட்டை அடைத்துவிட்டார்கள். குப்பனூர் வழியாகத்தான் இறங்க வேண்டும். மத்தியானத்துக்கு முன்னால் ஒரு மராட்டி வேன் முக்கில் வந்து நின்றது. செல்வராஜ் லாட்ஜில் தங்கி, வேலம்மாள் போன் நம்பரையும் வாங்கிக்கொண்டு, காலையிலேயே ஏரி பார்க்கக் கிளம்பிய கூட்டம். வயசாளிகள்தான் நிறைய. சரவணன் எட்டிப் பார்த்து, "இருங்க, லாட்ஜுக்குப் போன் போட்டு ஆயாவக் கூப்புடறேன்" என்றான்.

"எதுக்கு? எனக்கு வாயில்லியா?" என்றேன்.

எழுந்து வேனருகே போனேன். "ரஸ்தா பந்த் ஆஹே" என்றேன். வேனுக்குள் ஒரே குதூகலம். "டாவீகடே வளா. சரள் ஜா. குப்பனூர்."

டிரைவர், "கிதி லாம்ப்?" என்றான். இந்தக் கேள்வியும் எனக்குத் தெரியும்.

"ஜவளச் ஆஹே!" என்றேன்.

அவர்கள் தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள். ஒரு பெரியவர் வயிற்றைத் தொட்டுக் காட்டினார். பக்கம் என்றால் கீழேயே போய்ச் சாப்பிட்டுக்கொள்ளலாம் என்று முடிவாகியிருக்கிறது, அது எனக்கு அப்புறம்தான் தெரியும். என் கூடையில் இருந்த கொய்யா அத்தனையும் வாங்கிக்கொண்டார்கள். ஒரு அம்மாள் என் கன்னத்தைக்கூடத் தொட்டது. வேன் இடப்பக்கம் திரும்பியது. சரவணன் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதற்காகவே இன்னொரு பாஷை படிக்கலாம்.

வெகுநேரம் கழித்து வேலம்மாள் வந்தாள். நடக்க மாட்டாதவள் ஓடி வந்தாள், போனைக் காதிலிருந்து எடுக்காமல். போனில் யாரோ அழுகிற மாதிரி பேசுவது எனக்கே கேட்டது.

"அக்கா, அவங்களுக்கு என்ன சொன்னீங்க?"

"வழி சொன்னேன்."

"பக்கம்னு சொன்னீங்களா?"

"பக்கந்தான?"

"பக்கமா? பனி எறங்கி வண்டி ஊர்ந்துட்டிருக்குது. திரும்பத் திரும்ப வளைவா வருது, ஊரே வரலீங்கறாங்க. அந்தப் பெரியவரு சக்கரைக்காரரு, சோத்துக்கு முன்னாடி ஊசி போட்டுட்டாராம், பக்கம்னு நெனச்சு. இப்பக் கையெல்லாம் நடுங்குதாம். ஓரமா நிறுத்திட்டு என்ன பண்றதுன்னு கேக்கறாங்க. எனக்கு அந்த ரோடு தெரியாதுங்க்கா. நான் அந்தப் பக்கம் போனதே இல்ல."

தராசைக் கீழே வைத்தேன். "கொய்யா இருக்குதே, மொதல்ல அதக் குடுக்கச் சொல்லு. பழுத்தது, நல்லா இனிக்கும்" என்றேன்.

அவள் போனில் சொன்னாள். அந்தப் பக்கம் சத்தம் கொஞ்சம் அடங்கியது.

"என்ன தெரியுதுன்னு கேளு."

"தும்ஹாலா காய் திஸ்தய்?" என்று கேட்டுவிட்டு, "பனிதானாம். ரெண்டு பக்கமும் மரமாம்" என்றாள்.

"மரம் எல்லா எடத்துலயுந்தான் இருக்குது. தண்ணிச் சத்தம் கேக்குதான்னு கேளு."

கேட்டாள். "கேக்குதாம். வலப்பக்கம் கீழ."

"பாறையில சுண்ணாம்பு அடிச்ச மாடம் தெரியுதா? உள்ள மாதா செலை?"

அவர்களில் ஒருவன் இறங்கி நடந்து பார்த்தான் போல. நாங்கள் இரண்டு பேரும் போனில் காதை ஒட்டவைத்து நின்றோம். அவள் கன்னமும் என் கன்னமும் இடித்துக்கொண்டன.

"தெரியுதாம்! நீலச் சீலை கட்டுன அம்மாவாம்!"

"அப்ப முடிஞ்சுது. அது மொத எறக்கு. அங்கதான் நாங்க பலாப்பழத்த எறக்கி வெப்போம். அந்த வளைவத் திரும்புனா சிங்கராயர் டீக்கடை. மூங்கத் தட்டி போட்டிருக்கும். நான் அனுப்புனேன்னு சொல்லச் சொல்லு, சோறு இருக்கும்."

"காபரூ நகா" என்றாள் வேலம்மாள் போனில். பயப்படாதீர்கள் என்று அர்த்தம், அதை அவள் சொல்லாமலே எனக்குப் புரிந்தது. "தோட புடே. ஏக் வளண். ஹளூ சாலவா." கொஞ்சம் முன்னால், ஒரே வளைவு, மெதுவாக ஓட்டுங்கள் என்று சொல்லும்போது அவள் இன்னொரு கையால் என் மணிக்கட்டைப் பிடித்திருந்தாள். வேலம்மாள் பேச்சை நிறுத்தும்போதெல்லாம் நான் அடுத்ததைச் சொன்னேன். அவர்கள் டீக்கடை வாசலில் வண்டியை நிறுத்திய பிறகு, சிங்கராயரே போனை வாங்கிப் பேசினார்.

"பெரியவரு கஞ்சி குடிக்கிறாரு ஆராயி. கொய்யா தின்னு தெளிஞ்சுட்டாரு. பயமில்ல."

வேலம்மாள் போனை அணைத்தாள். அப்படியே என் சாக்கில் உட்கார்ந்தாள், மூச்சு வாங்கியது. நான் தண்ணீர் கொடுத்தேன். குடித்துவிட்டுத் திட்ட ஆரம்பித்தாள்.

"ஒரு உசுரு போயிருக்கும்."

"எங் கொய்யாதான் காப்பாத்துச்சு."

"அய்யோ, உங்க கொய்யா! பக்கம்னு எதுக்குச் சொன்னீங்க? எத்தன வருசமா நான் பின்னாலயே இருந்து மணிக்கணக்குச் சொல்லிட்டு வந்தேன், எதுக்குன்னு நெனச்சீங்க?"

நான் பேச்சை மாற்றினேன். "மராட்டி தெரியும்னு எதுக்கு எங்கிட்டச் சொல்லாம இருந்த?"

அவள் கொய்யா இல்லாத கூடையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"யாருகிட்டப் பேசறதுங்க்கா? கல்யாணமாகி மறு வருசம் ஆயியப் பாக்கலாம்னு போனேன். ஊட்டுல வேற ஆளுங்க இருந்தாங்க. ஊரோட போயிட்டாங்கன்னாங்க. எந்த ஊருன்னு தெரியாது. அன்னியோட வாய மூடிட்டேன். உங்ககிட்டச் சொல்லியிருந்தா, அவ எப்படி இருப்பா, என்ன சமைப்பான்னு நோண்டி நோண்டிக் கேட்டிருப்பீங்க."

கேட்டிருப்பேன். அது உண்மைதான்.

"இப்பக் கேக்கறேன். எப்படி இருப்பா?"

"உங்கள மாதிரியே வாய்க்காரி" என்றாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அதோடு அவள் திரும்பி வந்துவிடுவாள் என்று நினைத்தேன். நாலாம் நாள் முடிந்து செல்வராஜுக்கு அவள் சொன்ன பதில், "வர்றனுங்க" என்பது. முழங்கால் வலியும் நிசம், சேரும் நல்ல சேர். அவள் பேசுகிற பாஷையைப் பேச அங்கே தினமும் ஆள் வருகிறது. எனக்குப் பொறாமையாகத்தான் இருந்தது, இப்போதும் இருக்கிறது. போகிறபோது தார்ப்பாய்க் கயிற்றை அவள் அவிழ்க்கவில்லை. "கம்பத்த வேற யாருக்கும் உட்றாதீங்க" என்றாள். கௌரி என்று ஒரு பெண் அங்கே பூக்கூடை வைக்கிறேன் என்று கேட்டு வந்தாள். முடியாது கண்ணு என்று சொல்லிவிட்டேன். மத்தியானச் சோற்றுக்கு வேலம்மாள் என் சாக்குக்குத்தான் வருகிறாள். லாட்ஜில் சாம்பார் இனிக்குதாம்.

வேன்கள் வருவது நிற்கவில்லை. போன வாரம் ஒன்று வந்து என் முன்னால் நின்றது. பின்கொசுவம் வைத்துக் கட்டிய பாட்டி ஒன்று தலையை நீட்டி, மனப்பாடம் பண்ணியதை ஒப்பிக்கிற மாதிரி, நம்ம தமிழில், அதுவும் சேலத்து இழுவையோடு சொன்னது:

"ஆராயிக்கா, கொய்யா குடுங்க. பக்கம்னு மட்டும் சொல்லாதீங்க."

வேனே சிரித்தது. இது யார் பாடம் என்று கேட்கத் தேவையில்லை. இப்போது வருகிற ஒவ்வொரு வேனும் இதையே சொல்லுகிறது. லாட்ஜு வாசலில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டு, என் வாயை ஊர் ஊராக அடைத்துக்கொண்டிருக்கிறாள்.

நானும் கூடையை நிரப்பிக் கொடுத்தேன். டிரைவர், "குப்பனூர், கிதி லாம்ப்?" என்றான்.

"முக்கா மணி நேரம்" என்றேன், வேலம்மாளுக்காக. வேன் திரும்பி, சத்தம் அடங்கிய பிறகு, அவள் கம்பத்தைப் பார்த்துச் சொன்னேன்.

"பக்கந்தான்."